சீனிவாச இராமானுசனும் வரையறுத்த தொகையீடுகளும்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னையிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் பணியாற்றிய கணித மேதை. எண்கோட்பாட்டில் அவர் கண்ட முடிவுகளே இன்று பெரிதும் பேசப்படுகின்றன. எனினும் சென்னைப் பல்கலைக்கழகம் 1913 ஆம் ஆண்டில் அவருக்கு ஆய்வு உதவித்தொகை அளித்தபோது, அதற்கு ஈடாக அவர் எழுதித் தந்த மூன்று அறிக்கைகளும் பெரும்பாலும் வரையறுத்த தொகையீடுகளைப் பற்றியவையாக இருந்தன. மேனிலைப் பள்ளியிலும் கல்லூரியின் முதலாண்டிலும் மாணவர்கள் தேர்வுக்கென்று படிக்கும் பாடம்தான் இது. அதே பல்கலைக்கழகம் நடத்திய எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோல்வியுற்றவர் இராமானுசன் என்பதை நினைத்தால் இச்செய்தி இன்னும் சுவை பெறுகிறது. இக்கட்டுரை அவருடைய வாழ்க்கையைத் தொகையீடுகளின் வழியாகப் பார்க்கிறது. எண்கோட்பாட்டுப் பணிகள் இங்கு சுருக்கமாகவே குறிக்கப்பட்டுள்ளன.

இளமை

இராமானுசன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். தாயின் பெயர் கோமளத்தம்மாள். குடும்பம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் குடியிருந்தது. 1897 ஆம் ஆண்டின் தொடக்கப்பள்ளித் தேர்வில் இராமானுசன் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார். அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். ஆகவே தொடக்கத்தில் தேர்வுகள் அவருக்குப் பகையாக இருக்கவில்லை.

பள்ளி நாட்களில் இரண்டு நூல்கள் அவருடைய கைக்கு வந்தன. முதலாவது, எஸ். எல். லோனி எழுதிய தள முக்கோணவியல். பெயரைக் கண்டு இது வெறும் முக்கோணங்களின் பக்கங்களையும் கோணங்களையும் கணக்கிடும் நூல் என்று எண்ணிவிடக்கூடாது. இதன் இரண்டாம் பகுதியில் சைன், கோசைன் சார்புகளுக்கான முடிவிலித் தொடர்கள், முடிவிலிப் பெருக்கங்கள், சிக்கலெண்கள் ஆகியவை விரிவாக உள்ளன. இந்நூலைச் சிறுவயதிலேயே இராமானுசன் முழுவதும் கற்றுத் தேர்ந்தார். சைன், கோசைன் சார்புகளைச் செங்கோண முக்கோணத்தின் துணையின்றி வரையறுக்கும் வழியொன்றைத் தாமே கண்டதாகவும், அதை ஆய்லர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுவிட்டார் என்று அறிந்ததும் வெட்கி அத்தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்ததாகவும் அவரது வாழ்க்கையை முதலில் எழுதியவர்கள் குறிக்கின்றனர்.

இரண்டாவது நூல் ஜி. எஸ். கார் தொகுத்த தூய, பயன்முறைக் கணித முடிவுகளின் சுருக்கம். 1903 அளவில் இது அவருக்குக் கிடைத்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாய்பாடுகளும் தேற்றங்களும் இதில் எண்ணிட்டு அடுக்கப்பட்டுள்ளன. நிறுவல்கள் மிகக் குறைவு. பல இடங்களில் ஒரு குறிப்போடு நின்றுவிடும். கார் என்பவர் பெரிய கணித அறிஞர் அல்லர். கேம்பிரிட்ஜின் டிரைப்பாஸ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். அந்தப் பயிற்சிக் குறிப்புகளே நூலாயின. அதாவது, தேர்வுகளில் தோற்ற மாமேதையை உருவாக்கிய நூல் ஒரு தேர்வுக் கையேடு! அதில் தொகை நுண்கணிதப் பகுதி குறிப்பிடத்தக்க அளவு நிறைவானது என்று பின்னாளில் ஜி. எச். ஹார்டி கருதினார். இராமானுசனுக்குத் தொகையீடுகளின்மேல் ஏற்பட்ட பற்றுக்கு இந்நூலே வித்து எனலாம். நிறுவல் இல்லாமல் முடிவை மட்டும் எழுதி வைக்கும் அவரது வழக்கமும் இதிலிருந்தே தொடங்கியது போலும்.

தோல்வியுற்ற தேர்வுகள்

1903 டிசம்பரில் மெட்ரிகுலேசன் தேறி, 1904 தொடக்கத்தில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். எஃப்.ஏ. என்பது மெட்ரிகுலேசனுக்கும் பி.ஏ.வுக்கும் இடைப்பட்ட இரண்டாண்டுப் படிப்பு. கணிதத்தைத் தவிர ஆங்கிலம், சமற்கிருதம், உடற்செயலியல், கிரேக்க-உரோமை வரலாறு ஆகியவற்றிலும் தேற வேண்டும். எந்த வகுப்பு நடந்தாலும் இராமானுசன் கணிதத்தையே எழுதிக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறியதால் உதவித்தொகை பறிபோனது. 1905 இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை சென்று திரும்பினார்.

1906 இல் சென்னைக்கு வந்து, அப்போது ஜார்ஜ் டவுனில் இயங்கிய பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சிங்காரவேலு முதலியார் என்னும் கணிதப் பேராசிரியர் அவரை அருகில் அமர்த்தி, கணித இதழ்களில் வந்த வினாக்களை இருவருமாகத் தீர்த்து வந்தனர். ஆயினும் உடற்செயலியல் அவருக்கு வரவில்லை. நோயும் குறுக்கிட்டது. 1906 டிசம்பரில் எஃப்.ஏ. தேர்வெழுதித் தோற்றார். 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எழுதி மீண்டும் தோற்றார். அத்தோடு கல்லூரிக் கல்வி முடிந்தது.

பிறருக்குத் தனிப்பயிற்சி அளித்துப் பிழைக்கலாம் என்ற முயற்சியும் சரிவரவில்லை. பி.ஏ. தேர்வுக்கு வகை நுண்கணிதம் கற்க வந்த ஒரு மாணவர் சில நாட்களிலேயே நின்றுவிட்டார். பாடத்திட்டத்தைத் தொடாமல் முடிவிலியையும் நுண்ணளவுகளையும் பற்றியே இராமானுசன் பேசிக்கொண்டிருந்தாராம். அம்மாணவரின் நிலையில் நாம் இருந்தாலும் அதையே செய்திருப்போம். தேர்வு நாள் நெருங்கும்போது வேண்டியது வேறு.

முக்கோணவியல் பிரதியிடல்

அந்த மாணவருக்கு வேண்டியது எது, இராமானுசன் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். மாறியை 'ய' என்று கொள்வோம். 1/(1+ய²) என்னும் சார்பை, ய சுழியிலிருந்து முடிவிலி வரை செல்லும்போது தொகையிட வேண்டும். தேர்வில் இதற்கு வழி எளிது. ய என்பதற்கு ஒரு கோணத்தின் டேன்ஜெண்டைப் பிரதியிட வேண்டும். அப்போது பகுதியிலுள்ள 1+ய² அக்கோணத்தின் செக்கண்டின் வர்க்கமாகிறது. ய-இன் நுண்மாற்றமும் அதே செக்கண்ட் வர்க்கத்தைக் கொண்டுவருகிறது. இரண்டும் அடிபட்டுப்போக, எஞ்சுவது கோணம் மட்டுமே. ய சுழியிலிருந்து முடிவிலிக்குச் செல்லும்போது கோணம் சுழியிலிருந்து செங்கோணத்துக்குச் செல்கிறது. எனவே விடை பை/2. (பை என்பது வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம்.)

இதைப்போலவே 1−ய² என்பதன் வர்க்கமூலம் வந்தால் சைன், ய²−1 என்பதன் வர்க்கமூலம் வந்தால் செக்கண்ட் என்று பிரதியிடல்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். வர்க்கமூலத்தை நீக்குவதே இவற்றின் நோக்கம். கேட்கப்படும் சார்பு இந்த மூன்று அச்சுகளில் ஒன்றில் அமைந்தால் வழி உண்டு. அமையாவிட்டால் பிரதியிடல் கைவிட்டுவிடும்.

இப்போது பகுதியில் இன்னொரு காரணியைச் சேர்ப்போம். 'ர' என்பது 1-ஐ விடச் சிறிய ஒரு மிகை எண் என்க. (1+ய²)(1+ர²ய²) என்பதன் தலைகீழியைத் தொகையிட்டால் என்ன வரும்? பகுதிப் பின்னங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் டேன்ஜெண்டைப் பிரதியிட்டால், விடை பை/2-ஐ (1+ர) ஆல் வகுத்ததாக வருகிறது. ர அரை என்றால் விடை பை/3. இதுவரை ஒரு நல்ல மாணவர் வந்துவிடுவார். மூன்றாவது காரணியாக 1+ர⁴ய², நான்காவதாக 1+ர⁶ய² என்று முடிவின்றிச் சேர்த்துக்கொண்டே போனால்? இதற்கு இராமானுசன் தந்த விடை: பை/2-ஐ 1+ர+ர³+ர⁶+ர¹⁰+… என்னும் முடிவிலித் தொடரால் வகுக்க வேண்டும். அடுக்குகளில் வரும் 1, 3, 6, 10 என்பவை முக்கோண எண்கள், அதாவது 1, 1+2, 1+2+3, 1+2+3+4 என்று வளர்பவை. ஒரு கோணத்தின் டேன்ஜெண்டில் தொடங்கிய கணக்கு எண்களின் கூட்டு வரிசையில் வந்து முடிகிறது. இந்த முடிவு அவர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் இடம்பெற்றது.

திருவல்லிக்கேணி நாட்கள்

1909 சூலையில் இராமானுசனுக்கும் சானகிக்கும் திருமணம் நடந்தது. வேலை தேடவேண்டிய நிலை. 1910 இல் தம் குறிப்பேடுகளுடன் திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கு துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரைச் சந்தித்தார். இவரே 1907 இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். அவருடைய அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கேட்டார் இராமானுசன். குறிப்பேட்டைப் பார்த்த இராமசாமி ஐயர் அந்த வேலையைத் தர மறுத்தார். வட்டார அலுவலகத்தின் அடித்தட்டில் அத்திறமை அழிந்துவிடும் என்று அஞ்சினார். அவர் கொடுத்த அறிமுகக் கடிதங்களோடு இராமானுசன் சென்னைக்கு வந்தார். கும்பகோணத்தில் முன்பு ஆசிரியராயிருந்த பி. வி. சேசு ஐயர் வழியாக, நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவ் அறிமுகமானார். இராமச்சந்திர ராவ் கணிதம் கற்றவர். சில காலம் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து உதவினார்.

இக்காலத்தில் இராமானுசன் திருவல்லிக்கேணியில் 'சம்மர் அவுஸ்' எனப்பட்ட வீட்டில் பிற இளைஞர்களோடு தங்கியிருந்தார். தாள் விலை கட்டுபடியாகாததால் சிலேட்டுப் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றுவார். குறிப்பேடுகளில் நிறுவல்கள் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1911 முதல் அவரது வினாக்களும் கட்டுரைகளும் வெளிவந்தன. வாசகர்கள் தீர்க்கவேண்டி அவர் அனுப்பிய வினாக்களில் அடுக்கடுக்கான வர்க்கமூலங்களைக் கொண்டது பலரும் அறிந்தது. அதன் விடை 3. அதே ஆண்டு அவர் அனுப்பிய இன்னொன்று நம் பாடத்தைச் சேர்ந்தது. ஒரு கோணத்தையும், அதன் கோடேன்ஜெண்டையும், அதன் சைனின் இயல் மடக்கையையும் பெருக்கி, சுழியிலிருந்து செங்கோணம் வரை தொகையிட வேண்டும். விடை ஒரு குறை எண். பை³/48, (பை/4)×(2-இன் மடக்கையின் வர்க்கம்) ஆகிய இரண்டையும் கூட்டி, முன்னால் கழித்தல் குறி இட்டால் அது கிடைக்கும். பார்க்க அச்சுறுத்தும் இக்கணக்கில் முதல் படி பாடநூல் படிதான். கோடேன்ஜெண்டும் மடக்கையும் சேர்ந்த பெருக்கம், மடக்கையின் வர்க்கத்தில் பாதியை வகையிட்டால் வருவது. ஆகவே பகுதித் தொகையிடல் மூலம் கணக்கு, சைனின் மடக்கையின் வர்க்கத்தைத் தொகையிடுவதாகச் சுருங்கிவிடும். அந்தத் தொகையீடு ஆய்லர் காலம் தொட்டு அறியப்பட்ட வகையைச் சேர்ந்தது. ஆர்வமுள்ள மாணவர்கள் தாமே முயன்று பார்க்கலாம்.

1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்தார். மெட்ரிகுலேசன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், எதிர்பாராத இடர்களால் மேலே படிக்க இயலாமற் போனதையும் அதில் குறித்திருந்தார். மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. தலைமைக் கணக்கர் எசு. நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். மாலையில் இருவரும் அமர்ந்து கணக்குப் போடுவது வழக்கமாயிற்று. கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். எஃப்.ஏ. தேறாத ஒருவருக்கு அன்றைய சென்னையில் இத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்பது இராமானுசன் வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி. அவரைப் புறக்கணித்த ஊர் என்று சென்னையைக் கூறுவோர் உண்டு. தேர்வு முறையைப் பற்றி அது உண்மையாக இருக்கலாம். மனிதர்களைப் பற்றி உண்மையன்று.

கடிதம்

இலண்டனிலிருந்த பேராசிரியர் எம். ஜே. எம். ஹில் 1912 இறுதியில் இராமானுசனின் தாள்களைப் பார்த்தார். விரியும் தொடர்களைக் கையாள்வதில் உள்ள இடர்களை அவர் அறியவில்லை என்று கருத்துரைத்து, முடிவிலித் தொடர்கள் பற்றிய பிராம்விச்சின் நூலைப் படிக்கும்படி அறிவுரை சொன்னார். 1913 சனவரி 16 அன்று இராமானுசன் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தோடு ஏறத்தாழ 120 தேற்றங்கள் இருந்தன, நிறுவல்கள் இல்லை.

கடிதம் சரியான ஆளிடம்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு மாறிச் சார்புகளின் தொகையிடல் பற்றி 1905 இல் ஒரு சிறுநூல் வெளியிட்டவர் ஹார்டி. வரையறுத்த தொகையீடுகள் அவருக்குப் பொழுதுபோக்கும்கூட. இன்னொரு பொருத்தமும் உண்டு. டிரைப்பாஸ் தேர்வில் நான்காம் இடம் பெற்றவராயினும், அத்தேர்வு முறையையே எதிர்த்துப் போராடியவர்களில் அவர் ஒருவர். மதிப்பெண் வரிசைப்படி பெயர் அறிவிக்கும் வழக்கம் 1909 ஆம் ஆண்டுத் தேர்வோடு நிறுத்தப்பட்டது.

கடிதத்தின் தொகையீடுகளையே ஹார்டி முதலில் சோதிக்க முடிந்தது. அவற்றில் ஒன்றில் தொகுதியிலும் பகுதியிலும் முடிவிலிப் பெருக்கங்கள் வந்தன. விடை காமா சார்புகளால் ஆனது. இவ்வகை தமக்குத் தெரிந்ததென்று எண்ணி அமர்ந்தவருக்கு, நினைத்ததைவிட அதிக உழைப்பு வேண்டியிருந்தது. நிறுவ முடிந்தது. அதன் பிறகு, தம்மால் தொடவே முடியாத தொடர் பின்னங்களைப் பற்றிய முடிவுகளும் உண்மையாகவே இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் மட்டும் பிழையெனப் பின்னர் தெரியவந்தது.

காலாண்டு அறிக்கைகள்

ஹார்டியின் பதில் சென்னையில் நிலைமையை மாற்றியது. வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கரும் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். பட்டம் பெறாத ஒருவருக்கு ஆய்வு உதவித்தொகை வழங்க விதிகள் இடம் தரவில்லை என்ற தடை எழுந்தது. அதையும் கடந்து, 1913 மே 1 முதல் ஈராண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கப்பட்டது. துறைமுக வேலையிலிருந்து விடுப்பு கிடைத்தது. இராமானுசன் குடும்பத்தோடு திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்து, வாழ்வில் முதல் முறையாகக் கணிதத்துக்கென்றே சம்பளம் பெற்றார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும் என்பதே நிபந்தனை. 1913 ஆகஸ்டிலும் நவம்பரிலும், 1914 மார்ச்சிலும் மூன்று அறிக்கைகள் அளித்தார்.

இவற்றின் மையம், இன்று இராமானுசனின் தலைமைத் தேற்றம் எனப்படும் முடிவு. அதை இப்படி விளக்கலாம். ஒரு சார்பை ய-இன் அடுக்குத் தொடராக எழுதுக. குறிகள் மாறிமாறி வரட்டும். ஒவ்வோர் உறுப்பின் கெழுவிலும் வழக்கமான இயல்பெருக்கப் பகுதியை (1, 1×2, 1×2×3 என்பன) ஒதுக்கிவிட்டு, எஞ்சுவதை அந்த உறுப்பின் வரிசை எண்ணைப் பொறுத்த ஒரு விதியாகக் கொள்க. இப்போது சார்பை ய-இன் (ச−1) ஆம் அடுக்கால் பெருக்கி, சுழியிலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால், விடை இரண்டு எண்களின் பெருக்கம். ஒன்று ச-இன் காமா சார்பு. மற்றது அந்த விதியில் வரிசை எண்ணுக்குப் பதிலாக −ச என்று இட்டால் கிடைப்பது. கெழுக்களுக்கு 0, 1, 2, 3 என்ற இடங்களில் மட்டுமே பொருள் உண்டு. அவற்றின் விதியைக் குறை எண்களுக்கும் பின்னங்களுக்கும் நீட்டிவிடும் துணிவுதான் இங்கே வியப்புக்குரியது.

1/(1+ய) என்னும் சார்பைக் கொண்டு சோதிக்கலாம். தேற்றம் தரும் விடை, பை-யை (பை×ச) என்னும் கோணத்தின் சைனால் வகுத்தது. ச அரையானால், சைன் 90 பாகையின் மதிப்பு 1 ஆதலால் விடை பை. இதை மாணவர் சரிபார்க்கலாம்: ய-க்கு ஒரு கோணத்தின் டேன்ஜெண்ட் வர்க்கத்தைப் பிரதியிட்டால், இரண்டு மடங்கு செங்கோணம், அதாவது பை, வந்துவிடும். ச மூன்றில் ஒன்றானால் அந்தப் பிரதியிடல் முடிவுக்குக் கொண்டு சேர்க்காது. வேறு பிரதியிடலும் நீண்ட பகுதிப் பின்னங்களும் வேண்டும். தேற்றமோ ஒரே வரியில் 2பை/√3 என்று சொல்லிவிடும். ஒவ்வொரு சார்புக்கும் ஒரு தனித் திறவுகோல் தேடுவதை விட்டு, ஒரு வகைச் சார்புகள் முழுமைக்கும் ஒரே திறவுகோலை அவர் செய்தார்.

ஆனால் இத்தேற்றம் எப்போதும் உண்மையன்று. விதியாக, வரிசை எண்ணைப் பை-யால் பெருக்கிய கோணத்தின் சைனை எடுத்துக்கொண்டால், முழு எண்களில் அது எப்போதும் சுழி. எனவே தொடரும் சுழி, தொகையீடும் சுழி. தேற்றம் தரும் விடையோ சுழியன்று! விதி மிக வேகமாக வளராமலும் அலையாமலும் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை தேவை. அதைத் துல்லியமாக வகுத்துத் தேற்றத்தை நிறுவியவர் ஹார்டி. அவர் 1940 இல் வெளியிட்ட இராமானுசனைப் பற்றிய நூலில் ஓர் இயல் முழுவதும் வரையறுத்த தொகையீடுகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. இதன் ஒரு தனிவகையைக் கிளெய்ஷர் 1874 இலேயே கண்டிருந்தார் என்பதும் குறிக்கத்தக்கது. ஹில் சொன்ன குறை இங்கும் பொருந்தும் என்பதை மறுக்க முடியாது. இராமானுசன் தம் தேற்றத்தைப் பயன்படுத்திய இடங்களில் விடைகள் பெரும்பாலும் சரியாகவே அமைந்தன. எங்கே அது உடையும் என்பதை உணர்வால் அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

இங்கிலாந்தில்

1914 தொடக்கத்தில் சென்னையில் சொற்பொழிவாற்ற வந்த ஈ. எச். நெவில், இராமானுசனைக் கேம்பிரிட்ஜுக்கு வர இணங்கச் செய்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்கியது. மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் புறப்பட்டார். கேம்பிரிட்ஜில் அவர் செய்த பணி பெரிது: 1914 இல் பை-யின் மதிப்பை விரைந்து நெருங்கும் தொடர்கள், 1918 இல் ஹார்டியுடன் சேர்ந்து எண் பிரிவினைகளுக்கான வாய்பாடு, மேலும் பல. தொகையீடுகளை அவர் விட்டுவிடவில்லை. 1915 இல் மட்டும் வரையறுத்த தொகையீடுகள் பற்றி இரு கட்டுரைகள் இங்கிலாந்து இதழ் ஒன்றிலும், நேர்மாறு டேன்ஜெண்டை உள்ளடக்கிய ஒரு தொகையீடு பற்றிய கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழிலும் வந்தன.

1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது. தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிக வகுஎண்களைக் கொண்ட எண்களைப் பற்றிய ஆய்வுக்காக இது வழங்கப்பட்டது. எழுத்துத் தேர்வு எதுவும் இல்லை. 1918 இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன்பே, 1917 இல், நோய்வாய்ப்பட்டு மருத்துவமனைகளில் இருக்க நேர்ந்தது. காசநோய் என்று அன்று கருதினர். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994 இல் ஓர் ஆய்வாளர் காரணங்களோடு எழுதினார்.

தாயகம் திரும்பும் முன் 1919 சனவரியில், சென்னைப் பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த 250 பவுன் தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோருக்குரிய தொகையும் தம் செலவும் போக மீதியை ஏழை, அநாதைச் சிறுவர்களின் பள்ளிக் கட்டணத்துக்குப் பயன்படுத்தவேண்டும் என்றும் பதிவாளருக்கு எழுதினார். உதவித்தொகை இழந்ததால் படிப்பை இழந்தவர் எழுதிய கடிதம் அது.

மயிலாப்பூரும் சேத்துப்பட்டும்

1919 மார்ச் இறுதியில் பம்பாயில் இறங்கி, ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை வந்தார். முதலில் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் (இன்றைய இராதாகிருஷ்ணன் சாலை) ஒரு வழக்கறிஞரின் மாளிகையில் தங்கவைக்கப்பட்டார். பின்னர் மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையிலிருந்த 'வெங்கட விலாஸ்' என்னும் வீட்டில் ஏறத்தாழ மூன்று மாதம் இருந்தார். மனைவி சானகியம்மாள் அங்கே வந்து சேர்ந்தார். திருமணமாகிப் பத்தாண்டுகள் ஆகியும் இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலம் மிகக் குறைவு. இந்த ஓராண்டே அதில் பெரும்பகுதி. வெயில் தாளாமல் காவிரிக்கரைக் கொடுமுடிக்கும், பிறகு கும்பகோணத்துக்கும் சென்றனர். 1920 சனவரியில் மருத்துவத்துக்காக மீண்டும் சென்னை. சேத்துப்பட்டு ஆரிங்டன் சாலைப் பகுதியில் வீடு எடுக்கப்பட்டது.

அம்மாதம் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், தாம் புதிதாகக் கண்ட போலித் தீட்டா சார்புகளைப் பற்றிச் சொன்னார். படுக்கையிலும் சிலேட்டும் தாளும் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டே இருந்தார். எழுதிய தாள்களைச் சானகியம்மாள் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தார். சேத்துப்பட்டில் 'கோமித்ரா' என்ற வீட்டில் 1920 ஏப்ரல் 26 அன்று காலமானார். அப்போது அவருக்கு 32 அகவை. ஒருவகை வரையறுத்த தொகையீடுகள் பற்றிய அவரது கட்டுரை ஒன்று அதே ஆண்டு இங்கிலாந்தில் அச்சில் வந்தது. சானகியம்மாள் நெடுங்காலம் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994 இல் மறைந்தார்.

குறிப்பேடுகளும் அறிக்கைகளும்

இராமானுசனின் குறிப்பேடுகளை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957 இல் நிழற்படிகளாக இரு தொகுதிகளில் வெளியிட்டது. கடைசி ஓராண்டின் தாள்களை 1976 இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். 'தொலைந்த குறிப்பேடு' என்று அவை பெயர் பெற்றன. குறிப்பேடுகளின் ஒவ்வொரு முடிவுக்கும் நிறுவல் தேடி, புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார்.

சென்னையில் சேப்பாக்கத்திலுள்ள இராமானுசன் உயர் கணித ஆய்வு நிறுவனம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அடையாற்றை அடுத்த தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் உள்ளது. 1962 இல் அதைத் தோற்றுவித்த அல்லாடி இராமகிருட்டிணன், அதற்கு முன் தம் இல்லத்தில் கருத்தரங்குகள் நடத்திவந்தார். அந்த இல்லமும் லஸ் சர்ச் சாலையில்தான் இருந்தது.

எஃப்.ஏ. தோற்றவர் பல்கலைக்கழகத்துக்குத் தந்த காலாண்டு அறிக்கைகள் நெடுங்காலம் அச்சேறவில்லை. மூலப்படியும் பின்னர் தொலைந்தது. கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு படியைக் கொண்டே பெர்ண்ட் தம் 1985 ஆம் ஆண்டு முதல் தொகுதியில் அவற்றின் உள்ளடக்கத்தை விளக்கங்களோடு வெளியிட்டார்.